ஊளையிடும் ஸ்டீரிங்

வெள்ளையம்மா ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்ததும், பாலோ கடைத்தெருவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். சத்தம் அந்த மாதிரி. முதலில் கொசு ஒன்று காதோரம் சுருதி பிடிப்பது போலத்தான் கிளம்பியது. சக்கரம் திரும்பத் திரும்ப அது கொழுத்து, இரண்டு லோரிகளுக்கு நடுவில் அவள் காடியை (காருக்கு அங்கே அந்தப் பேர்தான்) நுழைத்து நிறுத்துவதற்குள், குழாய்க்குள் மாட்டிக்கொண்ட யானை பிளிறுவது போல ஆகிவிட்டது. கோழிக்கடைக் கூண்டில் கடைசி மூச்சை எண்ணிக்கொண்டிருந்த கோழிகள் தங்கள் துன்பத்தை மறந்து தலையைத் தூக்கிப் பார்த்தன. ரயில் நிலையத்தில் ஸ்டேசன் மாஸ்டர் வண்டி வந்துவிட்டதென்று தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடிவந்ததாகப் பக்கத்து வீட்டுக் காளியம்மா பிறகு சொன்னாள். காளியம்மா சொல்வதில் எப்போதும் பாதியைத் தள்ளுபடி செய்துவிட வேண்டும். ஓடிவராவிட்டாலும் தொப்பியை நிச்சயம் மாட்டியிருப்பார்.

கெட்ட நேரம், மகன் செல்வாவின் அழைப்பு அப்போதுதான் வந்திருந்தது. தொலைபேசியை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து அவனோடு பேசிக்கொண்டேதான் அவள் காடியை ஒடித்தாள்.

“அது என்னம்மா சத்தம்?”

“ரோட்டுல எரும.”

“நீங்க ஒடிக்கிறப்ப மட்டும் கத்துற எருமையா?”

வெள்ளையம்மா எருமையை விரட்டுவது போல ஹாரனை ஒரு தடவை அடித்தாள். செல்வா ஸ்கூடாயில் பதினோராவது மாடியில் குடியிருந்துகொண்டு, விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறவன். தூக்கம் போதாத குரலில் எதைச் சொன்னாலும் தீர்ப்பு மாதிரியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். குளுவாங்கில் பழைய காடி வாங்குகிற ஒருவரிடம் பேசிவைத்திருக்கிறானாம். அன்றைக்கே கொடுத்துவிட்டு அம்மா தன்னோடு ஸ்கூடாய்க்கு வந்துவிடலாமாம். காடியும் இல்லாமல் பாலோவில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவன் கேட்டது அன்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பாள்.

“சத்தம் நின்னுட்டா?”

“நின்னா பேசலாம்மா.”

அந்தப் ‘பேசலாம்’ என்ற சொல்லை வெள்ளையம்மா கோர்ட்டில் முத்திரை குத்திய பத்திரமாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பதினோராவது மாடியை அவள் அறிவாள். பொங்கலுக்குப் போய்த் தங்கியிருக்கிறாள். பால்கனியில் நின்று பார்த்தால் மனிதர்கள் துவரம்பருப்பு அளவில் தெரிவார்கள். அண்டைவீட்டார் முகம் தெரியாது. அந்த ஒரு வாரத்தில் அவளோடு முகம் கொடுத்துப் பேசியது லிஃப்டு மட்டும்தான், அதுவும் எந்த மாடி என்று மலாயில். மகனும் மருமகளும் தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். தங்கத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள் இல்லையா, அப்படி.

பாலோவில் அவளுக்குக் காடி இருந்தது. பத்து பாகாட் என்ற ஊரில் துணித் தொழிற்சாலையில் ஊசியோடு ஆரம்பித்து, ஒரு வரிசைத் தையல் எந்திரங்கள் முழுவதற்கும் சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றபோது, கிடைத்த பணத்தில் மற்றவர்கள் வளையல் வாங்கினார்கள், அவள் கைமாறிய நீலக் காடி ஒன்றை வாங்கினாள். அதற்குப் பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்த சுகுமாறன் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்த கையோடு அந்தத் தொழிலையே விட்டுவிட்டு ஆடு வளர்க்கப் போய்விட்டான். ஊரில் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆட்டில் லாபம் அதிகம் என்பது வெள்ளையம்மாவின் விளக்கம். ஜொகூர் மாநிலத்தில் தன்னைவிட நன்றாக ஓட்டுகிறவர் சுல்தானின் டிரைவர் ஒருவராக இருக்கலாம், அதுவும் அவருக்கு முன்னால் போலீஸ் வழிவிட்டுப் போவதால்தான் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள். வாரந்தோறும் மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு குளுவாங்குக்குப் பறப்பாள். காளியம்மாவுக்குச் சர்க்கரை, கீழ்வீட்டுப் பிரேமலாவுக்கு ரத்தக் கொதிப்பு, மைமூனுக்கு முழங்கால். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தை வாங்கி, பசாரில் மீனை வாங்கி, ஊர்க்கதை முழுவதையும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். லோரி எதிர்ப்பட்டால் முந்துவாள். முந்துவதற்கு லோரி இல்லாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தச் சத்தம் ஓயாவிட்டால் அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. வெள்ளையம்மா கோப்பி கூட வாங்காமல், காடியை மறுபடி ஊளையிடவிட்டபடி, நேரே கிபாயத்துல்லாவின் பட்டறைக்கு விட்டாள்.

கிபாயத்துல்லா மைமூனின் கணவர், பாலோவின் போமன். காடி பழுது பார்க்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஊர் எல்லையில் தகரக் கூரைக்குக் கீழே அவருடைய பட்டறை. அவர் பானெட்டைத் திறந்து, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போல ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கச் சொன்னார். காடி அலறியது. கூரையிலிருந்த புறாக்கள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தன. பவர் ஸ்டீரிங் எண்ணெய்க் குப்பியை எட்டிப் பார்த்தார். எண்ணெய் கோடு வரைக்கும் இருந்தது, ஆனால் சோடாவைக் குலுக்கியது போல நுரைத்திருந்தது. பெல்ட்டின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தார், பெல்ட் கத்தினால் நனைந்தவுடன் குரல் மாறும் என்றார். மாறவில்லை. பிறகு நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பம்பின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கேட்டவர் முகத்தில் துக்க வீட்டுக்காரரின் களை வந்தது.

“பம்பு போச்சுக்கா. உள்ள அரைச்சிடுச்சு. மாத்தணும்.”

வெள்ளையம்மாவும் ஸ்குரூ டிரைவரை வாங்கிக் கேட்டாள். பம்புக்குள் நூறு பேர் ஒப்பாரி வைத்தார்கள். சந்தேகமில்லை. குளுவாங்கில் ஹாஃப் கட் கடை ஒன்று உண்டு. ஜப்பானில் ஓடி ஓய்ந்த காடிகளை இரண்டாகப் பிளந்து கொண்டுவந்து உதிரியாக விற்கிற இடம். மறுநாளே அங்கிருந்து பம்பு வந்தது. கிபாயத்துல்லா அரை நாள் காடியின் அடியில் கிடந்து அதை மாட்டினார். சாவியைத் திருப்பி ஸ்டீரிங்கை ஒடித்தால், பழைய பம்பு விட்ட இடத்திலிருந்தே புதியது எடுத்துப் பாடியது. இன்னும் சொல்லப்போனால் இதற்குத் தொண்டை கொஞ்சம் இளசு.

கிபாயத்துல்லா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், அங்கே ஏதோ எழுதியிருப்பது போல. பிறகு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், இதுவும் ரோசாக், கெட்டுப்போனதுதான், வேறொரு பம்பு எடுத்து வருகிறேன் என்றார்.

“வேணாம் பாய். ஒரே மிஷின்ல ரெண்டு புது ஊசி ஒடிஞ்சா, மூணாவது ஊசி கேக்குறவள நான் வரிசையிலேருந்து எழுப்பிடுவேன். ஊசிய விடுங்க. இந்தப் பம்புக்கு எண்ணெ எங்கேருந்து வருது?”

கிபாயத்துல்லாவுக்கு முகம் சுருங்கியது. முப்பது வருடமாகப் போமனாக இருப்பவரை வரிசையிலிருந்து எழுப்பிவிட்டார்களே என்ற சுருக்கம். ஆனாலும் காட்டினார். எண்ணெய்க் குப்பி எஞ்சினுக்குப் பின்னால், மூலையில் இருந்தது. அதிலிருந்து ரப்பர்க் குழாய் ஒன்று எஞ்சினின் முதுகுப் பக்கமாக இறங்கிப் பம்புக்குப் போனது. பம்பை மாற்றும்போது அதன் கீழ்முனையை மட்டும்தான் கழற்றி மாட்டியிருந்தார். மேல்முனைக்கு அவருடைய கை போகாது. அவர் கை பலாக்காய் அளவு. வெள்ளையம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பழைய டயர் ஒன்றின் மேல் ஏறி நின்று, தன் கையை விட்டாள். ஊசி முனைக்குப் பின்னால் சிக்கிய நூலைப் பார்க்காமலே உருவி எடுத்த விரல்கள் அவை. குப்பியிலிருந்து ஒரு சாண் கீழே, குழாயின் மேல் என்னவோ தட்டுப்பட்டது. கரடுமுரடாக, கெட்டியாக, தேங்காய் அளவில். காளியம்மாவாக இருந்தால் பூசணி அளவு என்றிருப்பாள்.

“இங்க என்ன பாய் கூடு கட்டியிருக்கு?”

“அது துணி சுத்தியிருக்குக்கா. நானும் பாத்திருக்கேன். மிந்தி வெச்சிருந்தவன் சூடு தாங்கக் கட்டுனதுன்னு விட்டுட்டேன்.”

விளக்கைச் சாய்த்துப் பிடித்து இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அழுக்கும் எண்ணெயும் ஏறி இறுகிப்போன அந்தக் கட்டியின் ஓரத்தில் மஞ்சள் நிறம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெள்ளையம்மா நகத்தால் சுரண்டினாள். உள்ளே வட்டமாக ஒரு காசு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முடிச்சு, அதிலும் காசு. சூடு தாங்கக் கட்டின துணியில்லை அது. நேர்த்திக்கடன் முடிச்சு. ஒன்றல்ல, ஒரு கோயில் மரத்துக்குப் போதுமான அளவு.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பாலோ மாரியம்மன் கோயில் வாசலில் காடிகளை வரிசையாக நிறுத்திப் பூசை போடுவார்கள். பானெட்டைத் திறந்து வைத்தால் ஐயர் எஞ்சினுக்கும் சேர்த்து விபூதி போடுவார். அந்த நேரத்தில் வெள்ளையம்மா கற்பூரத் தட்டோடு முன்னால் நின்று, தன் காடிக்குத்தான் அதிகம் விபூதி விழ வேண்டும் என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருப்பாள். பின்பக்க மூலையில் யாருடைய கை எஞ்சினுக்குள் போகிறது என்று அவள் ஏன் பார்க்கப்போகிறாள்? கட்டுவதற்குச் சுடாத, சுழலாத இடம் அந்தக் குழாய் ஒன்றுதான். முதல் முடிச்சு ஒன்று அங்கே இருந்தால் போதும், அடுத்து வருகிறவர் அதுதான் முடிச்சுப் போடும் இடம் என்று எடுத்துக்கொள்வார். மரமாக இருந்தாலும் அப்படித்தானே. வருடங்கள் போகப் போக முடிச்சுக்கு மேல் முடிச்சு இறுக, ரப்பரும் வயதாகி இளக, குழாயின் கழுத்து நசுங்கிவிட்டது.

கிபாயத்துல்லா தன் பங்குக்கு விளக்கினார். பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிற ஐஸ் தேத்தண்ணியில், கட்டிய கயிறு ஸ்டிராவை நசுக்கிவிட்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் தேத்தண்ணி வராது, கொடகொடவென்று சத்தமும் நுரையும்தான் வரும். பம்பு பாவம், அத்தனை நாளாக அதைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தவர், பச்சையாக ஒரு நூல் கண்ணில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பச்சை நூல் அவர் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. நாகூரிலிருந்து மைமூனின் தம்பி கொண்டுவந்து கொடுத்தது.

“அடுத்தவங்க நேந்து கட்டுனத நான் அறுக்க மாட்டேன்க்கா. கட்டுனவங்கதான் அவுக்கணும்.”

“அறுக்காதீங்க. வரச் சொல்றேன்.”

அன்றைக்குச் சாயங்காலம் பட்டறையில் அந்த மூன்று பெண்களும் வந்து நின்றார்கள். வெள்ளையம்மா எண்ணெய் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். பத்து பாகாட்டில் கோணல் தையல் போட்டவளை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தொழிற்சாலையில் தீயணைப்புக் கருவியே தானாகப் பீய்ச்சியது என்பார்கள். எதற்காகக் கட்டினீர்கள் என்று கேட்டாள். பிரேமலா கால் பெருவிரலால் தரையில் கோலம் போட்டாள். காளியம்மாதான் துணிந்தாள்.

“பயமா இருந்துச்சு, கட்டுனேன். இதுக்கு எதுக்கு இப்புடி மொறைக்கிற?”

“எதுக்குப் பயம்?”

“நீ ஓட்டுறதுக்குத்தான்.”

வெள்ளையம்மா பிரேமலாவைப் பார்த்தாள். நீயாவது சொல் என்பது போல.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. குளுவாங் போற வழியில, நியோர் வளைவுல அன்னிக்கு லோரிய முந்துனீங்கல்ல…”

“முந்துனேன்தானே?”

“முந்துனீங்க. என் உசுரு அங்கயே எறங்கிடுச்சு. அடுத்த வாரம் அதே எடத்துல போயி எடுத்துட்டு வந்தேன்.”

மைமூன் சிரிப்பை முக்காட்டுக்குள் ஒளிக்கப் பார்த்தாள். கணவர் அவள் பக்கம் திரும்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றதற்கு, போமன் பொண்டாட்டியே காடிக்கு நூல் கட்டினாள் என்றால் உங்கள் கடைக்கு யார் வருவார்கள் என்று திருப்பிக் கேட்டாள். நியாயம்தான். பிறகு ஒவ்வொருத்தியாக டயரின் மேல் ஏறி, கை போனவர்கள் தாங்களே, போகாதவர்கள் வெள்ளையம்மாவின் விரலுக்கு வழிசொல்லி, முடிச்சுகளை அவிழ்த்தார்கள். போன வருடத்தது, அதற்கு முந்தினது, முழங்கால் ஆபரேஷனுக்குப் போன அன்று அவசரமாகக் கட்டினது. காளியம்மா மட்டுமே ஒரு சின்ன உண்டியல் நிறையும் அளவுக்குக் கட்டியிருந்தாள். அவிழ்ப்பதற்கு முன் மாரியம்மனிடம் ஒரு மன்னிப்பும், இனி மேல் என்ன செய்வது என்று ஒரு கேள்வியும் போட்டாள்.

“பயந்துகிட்டு ஏன்டி ஏறுனீங்க? பஸ்ஸுல போறது.” வெள்ளையம்மாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

காளியம்மா கையிலிருந்த அழுக்குத் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“பஸ்ஸு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எங்க பேரச் சொல்லிக் கூப்புடுமா?”

எல்லா முடிச்சும் போன பிறகு, அடியில் ஒன்று மிச்சமிருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் கட்டியது. குழாய்க்குள் பல்லைப் பதித்தது போல அதுதான் ஆழமாக இறங்கியிருந்தது. யாரும் அது தன்னுடையது என்று சொல்லவில்லை. கிபாயத்துல்லா கிழிந்த ஓரத்தைத் துடைத்து விளக்கில் காட்டினார். உள்ளே இருந்தது சிங்கப்பூர்க் காசு. மாரியம்மனுக்குச் சிங்கப்பூர்க் காசில் நேர்ந்துகொள்கிறவன் அந்த வட்டாரத்தில் ஒருவன்தான். அவள் காடி வாங்கிய வருடம்தான் அவன் பாலம் தாண்டி வேலைக்குப் போக ஆரம்பித்தான். முதல் ஆயுத பூசைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, எஞ்சினை ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். காடியின் மேல் பிள்ளைக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்கு அவள் பூரித்துப்போனாள்.

வெள்ளையம்மா காடிக்குள் போய், ஓட்டுகிற இருக்கையில் கதவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருடமும் தன்னைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசியவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் சாமியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளை முதல் நாளிலிருந்தே. ஓட்டத் தெரியாதவள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவளை அந்தப் பதினோராவது மாடிக்குக் கொண்டுபோவதற்கு இந்தச் சத்தம் தேவையே இல்லை போலிருக்கிறது. அழுதாள் என்று காளியம்மா சொல்வாள், பாதியைத் தள்ளிவிட வேண்டும். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு இறங்கினாள்.

“பாய், முடிச்சத் தொடாதீங்க. ரெண்டு பக்கமும் குழாய வெட்டி எடுங்க. எப்படியும் புதுசுதானே போடணும்.”

கிபாயத்துல்லாவுக்கு இது முதலிலேயே தோன்றாமல் போனதே என்று ஆற்றாமையாக இருந்தது. தோன்றியிருந்தால் யாருக்குமே கையெல்லாம் கறையாகியிருக்காது. வெள்ளையம்மாவுக்கு முதலிலேயே தோன்றியிருக்கலாம் என்று மைமூனுக்கு ஒரு சந்தேகம்.

சனிக்கிழமை புதுக் குழாய் ஏறியது. பழைய நுரை எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினார்கள். முன்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி வைத்து, எஞ்சினை எழுப்பாமலே வெள்ளையம்மா ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் குப்பியில் காற்றுக் குமிழி பொளக் பொளக்கென்று வந்து உடைந்தது. எண்ணெய் இறங்க இறங்கக் கிபாயத்துல்லா ஊற்றினார். அவள் கை ஓய்ந்து தோள் கழன்று விழப்போகும் தறுவாயில் குமிழி நின்றது. சாவியைத் திருப்பினாள். முழுக்க ஒடித்தாள்.

ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததை இருவரும் வாய் திறந்து கேட்டார்கள். கூரையிலிருந்து ஒரு புறா, நம்பிக்கை இல்லாமல், எட்டிப் பார்த்தது. சத்தம் மூடி வைத்திருந்த மற்ற சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பின்கதவு லேசாக ஆடுவது, எஞ்சின் சின்னதாக மூச்சு வாங்குவது, எதிரே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் யாரோ மட்டை வெட்டுவது.

ஞாயிற்றுக்கிழமை செல்வா மோட்டாரில் வந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் காடிக்குள் உட்கார்ந்து ஸ்டீரிங்கைத் திருப்பிப் பார்த்தான். இடது. வலது. மறுபடி இடது. காதில் கோளாறோ என்று கவசத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை. வெள்ளையம்மா சன்னல் வழியாக, முடிச்சோடு வெட்டியெடுத்த குழாய்த் துண்டை அவன் மடியில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவளுக்கு வழக்கமில்லாதபடி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

செல்வா காசை விரலால் தடவினான்.

“சத்தத்துக்காக விக்கச் சொல்லலம்மா. சத்தம் கேட்டப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஒங்கள நிறுத்த ஒரு காரணம் கெடச்சதேன்னு.”

“தெரியும்.”

“தினம் பாலத்துல போறப்ப போன் அடிச்சாலே, பாலோலேருந்தான்னுதான் மொதல்ல பாப்பேன்.”

இதற்கு அவளிடம் சண்டை இல்லை. கதவைச் சுற்றிக்கொண்டு வந்து, அவனைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொன்னாள்.

“குளுவாங் வரைக்கும் நான் ஓட்டுறேன். ஆளு அங்கதானே காத்திருக்காரு. வழியில ஒரே ஒரு எடத்துல நீ பயந்தாலும் சாவிய நானே அவரு கையில குடுத்துட்டு ஒன் கூட வர்றேன்.”

“பயந்தேன்னு பொய் சொன்னா?”

“பயந்தியா இல்லையான்னு நீ எனக்குச் சொல்ல வேணாம். நான் கேட்டுக்குவேன்.”

கிளம்பும் நேரத்தில் பிரேமலா ஓடிவந்து, ஒரு பெரிய பை நிறைய முறுக்கைச் சன்னல் வழியாகச் செல்வாவின் மடியில் போட்டுவிட்டு, வெள்ளையம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி ஓடினாள். அவளுடைய சமாதானம் எப்போதும் எண்ணெயில் பொரிந்துதான் வரும். பிரேமலாவின் முறுக்கைக் கடித்தால் குளுவாங் வரை கேட்கும். ஏர்கான் போன வருடமே செத்துவிட்டதால் சன்னல்களை இறக்கிவிட்டார்கள். பாலோ பின்னால் போனது. செல்வா காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறான். வேறு எதைச் செய்வது என்று தெரியாமல் முறுக்கை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தான். கடக், மொடக் என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்த அந்தச் சத்தத்தை அவள் எந்திரத்தின் ஓட்டத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். அது நிற்காத வரை அவனுக்குப் பயமில்லை என்பது அவள் கணக்கு.

இரண்டு பக்கமும் செம்பனை. நியோர் நெருங்கும்போது முன்னால் ஒரு லோரி அகப்பட்டது. செம்பனைப் பழக் குலைகளை மலை மாதிரி அடுக்கிக்கொண்டு, ஆமைக்கு வயதானால் எப்படிப் போகுமோ அப்படிப் போனது. வெள்ளையம்மாவின் வலது கால் தானாக அரித்தது. எதிரில் சாலை காலி. சிக்னலைப் போட்டுவிட்டாள். பக்கத்தில் முறுக்கு மெதுவானது, ஆனால் நிற்கவில்லை.

அப்போதுதான் அது கேட்டது. இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவில், காற்றுக்குள், டிக்… டிக்கிடி… டிக். போன வாரம் என்றால் ஸ்டீரிங்கின் ஊளையில் அது செத்திருக்கும். வரிசை வரிசையாக எந்திரங்கள் இரைகிற கூடத்தில், எந்த ஒன்றின் மரை கழன்றிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவளுக்கு, அது என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லோரியின் பின்கதவுக் கொண்டி. பூட்டில் இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

அவள் சிக்னலை அணைத்தாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், யாருமில்லை. காலை எடுத்தாள். லோரி விலகி விலகிப் போனது. செல்வா திரும்பி அவளைப் பார்ப்பதை அவள் பார்க்கவில்லை. ஹாரனை நீளமாக அடித்தாள்.

சின்னப் பாலம் ஒன்றின் மேட்டில் லோரி ஏறி இறங்கியது. கதவு விரிந்தது. முதல் குலை விழுந்து தெறித்தது, அதன் மேல் இரண்டாவது, பிறகு சேர்ந்தாற்போல் ஒரு கூட்டமே. ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டி கனம், முள்ளும் பழமுமாக, தாரில் குதித்து நேராக அவர்களை நோக்கி உருண்டு வந்தது. வெள்ளையம்மா ஸ்டீரிங்கைக் கொஞ்சமாக இடப்பக்கம் ஒடித்தாள். அது அவள் நினைத்த அளவுக்கு மட்டும், ஒரு முனகல் கூட இல்லாமல், திரும்பிக்கொடுத்தது. காடி செம்மண் ஓரத்தில் இறங்கி, புல்லை உரசிக்கொண்டு ஊர்ந்தது. அவள் பக்கத்துச் சன்னலை ஒட்டி ஒரு குலை போனது. இன்னொன்று போனது. அவள் மெல்ல ஒடித்துச் சாலைக்கு ஏறினாள். தூரத்தில் லோரிக்காரன் சிவப்பு விளக்கைப் போட்டு ஓரங்கட்டினான்.

பின்கண்ணாடியில் சாலை முழுக்கச் செக்கச்செவேலென்று பழங்கள், பாதி இன்னும் உருண்டபடி.

முன்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவள் காதை மட்டும் இடப்பக்கம் அனுப்பினாள். மகனின் கை கைப்பிடிக்குப் போயிருக்கிறதா, மடியில் கிடக்கிறதா, தெரியவில்லை. அவன் வாயில் ஒரு முறுக்கு இருந்தது, அது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே, பல்லுக்கு நடுவில். எஞ்சின் சின்னதாக மூச்சு வாங்கியது. காற்று வந்தது. வெள்ளையம்மா வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அந்த முறுக்கு கடிபடும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு, நியோர் வளைவுக்குள் காடியை மெல்லத் திருப்பினாள்.